இந்தக் கதவைத் தாண்டாது

கோதாவுக்கு முதல் வேலை கிடைத்தபோது அவள் பிள்ளை ஹ்ருஷிகேஷ் சென்னையில் காலேஜில் சேர்ந்துவிட்டிருந்தான். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த நாளிலிருந்து சமையல் நடக்கிற தளிகை உள்ளும் கோயிலும்தான் அவள் உலகம். நடுவில், பிள்ளையின் டியூஷன் வாசலில் காத்துக்கிடந்த வருஷங்களில், அஞ்சல் வழியில் உளவியல் எம்.எஸ்ஸி. படித்தாள். எதற்குப் படிக்கிறாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பாஸானபோதும் கேட்கவில்லை. கணவர் பராசரன் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறவர். நல்ல மனுஷர்தான். ஆனால் எந்த விஷயத்திலும் அவளைப் பார்த்து “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவர் கேட்டதாக கோதாவுக்கு ஞாபகமில்லை.

திருச்சி மன்னார்புரத்தைத் தாண்டி ஒரு தனியார் பள்ளி. மூன்று மாடி, பின்னால் ஹாஸ்டல், வாசலில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் முகங்களோடு பெரிய ஃப்ளெக்ஸ். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர்கள் இப்போதெல்லாம் ஸ்விம்மிங் பூல் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கவுன்சலர் இருக்கிறாரா என்றும் கேட்கிறார்கள். அதனால் ஒரு கவுன்சலர் தேவைப்பட்டார். கோதா போய் நின்றாள். தாளாளர் ரங்கநாதன் அவளை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்ன மேடம் பிரச்சனை? நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலை முழுசாகக் கேட்டார். நடுவில் போனைக்கூட எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போனபோது கோதாவுக்கு அந்தக் கேள்வியே காதில் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கென்று ஒரு அறை கொடுத்தார்கள். முன்பு விளையாட்டுச் சாமான் போட்டுவைத்த அறை. ஏ.சி., சோபா, சுவரில் சிரிக்கிற மஞ்சள் முகங்கள், கதவில் அவள் பெயர் பொறித்த பலகை. தன் பெயர் ஒரு கதவில் இருப்பதைப் பார்க்க, முதல் வாரம் முழுக்க அவள் காரணமில்லாமல் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

பள்ளியில் ஒரு முறை உண்டு. பிள்ளைகள் கழுத்தில் மாட்டியிருக்கும் ஐ.டி. கார்டின் நாடா மூன்று நிறம். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒவ்வொரு வாரத் தேர்வுக்குப் பிறகும் நாடா மாறும். சிவப்பு நாடாக்காரர்கள் கடைசி பெஞ்சு. ஹாஸ்டலில் இருந்தால் சாப்பாட்டு வரிசையிலும் கடைசி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேசுவதும் அவர்களுக்குக் கிடையாது. ரங்கநாதன் இதை மோட்டிவேஷன் என்று சொன்னார். தண்டனை என்ற வார்த்தையை அந்தப் பள்ளியில் யாரும் உச்சரித்ததில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில், எந்தப் பாடத்தின் சராசரி குறைந்திருக்கிறதோ அந்த ஆசிரியர் எழுந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் உற்சாகப்படுத்துவதற்காகக் கை தட்ட வேண்டும். நிற்கிறவர் சிரித்த முகத்தோடு “முன்னேறிக் காட்டுவேன்” என்று சொல்லும்வரை தட்ட வேண்டும். கோதா சேர்ந்த மாசம் நின்றவர் பிசிக்ஸ் ஆசிரியர், தலை நரைத்த மனுஷர். அவர் சொன்னார், ஆனால் குரல் எழும்பவில்லை. “கேக்கலையே சார்” என்றார் ரங்கநாதன், சிநேகமாக. கைதட்டல் தொடர்ந்தது. அவர் மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. கோதாவும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். புதுசாகச் சேர்ந்தவள் என்பதால் மற்றவர்களைவிடச் சற்றுப் பலமாகவே தட்டினாள்.

பிள்ளைகள் முதலில் அறைப்பக்கம் வரவில்லை. அவள்தான் இன்டர்வெல்லில் போய் அவர்கள் நடுவில் நின்று பேச்சுக் கொடுத்தாள். மெல்ல ஒவ்வொருவராக வந்தார்கள். சோபாவின் நுனியில் உட்காருகிற பிள்ளையிடம் அவள் சொல்கிற முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: “இங்க நீ சொல்றது இந்தக் கதவைத் தாண்டாது.” பாடத்தில் படித்தது அது. சொல்லும்போது அவள் அதை நம்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம் ரங்கநாதன் கூப்பிடுவார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார். கோதா பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொல்வாள். பரீட்சை பயம் அதிகமாக இருக்கிறது சார். ஒரு பையனுக்கு ராத்திரி கனவில் வாத்தியார் வருகிறார். ஒரு பெண் காலையில் டிபனை வாந்தி எடுத்துவிடுகிறாள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பார். “ஐயோ பாவம். யாரு மேடம் அது? தெரிஞ்சாத்தானே நாம ஏதாவது பண்ண முடியும்.” அவர் முகத்தில் இருந்த கவலை பொய் என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பெயர் தெரிந்தால்தானே உதவ முடியும் என்று கோதாவும் நினைத்தாள். நாற்பது வயது வரை யாரும் கேட்காத வாயை ஒருவர் திறந்து பார்க்கிறார். அது நிறையவே பேசிற்று, பெயர்களையும் சொல்லிற்று.

முதலில் போனவன் அஜித். காட்டூரிலிருந்து வேனில் வருகிற பையன், கனவில் வாத்தியார் வருகிறார் என்று சொன்னவன். ஒரு திங்கட்கிழமை அவன் இடம் காலியாக இருந்தது. டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான், வீட்டில் வேறு பள்ளி பார்த்துவிட்டார்கள் என்றார்கள். அடுத்தது ருக்ஸார், டிபனை வாந்தி எடுத்தவள். அவளும் டி.சி. அவள் போன அன்று வராந்தாவில் கோதாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் பர்தாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். பிள்ளைகள் அப்படி ஒதுங்குவது அடிக்க வருகிறவர்களைப் பார்த்தால்தான்.

 கோதா நேராகத் தாளாளர் அறைக்குப் போனாள்.

“சார், நான் உங்ககிட்ட சொன்ன பிள்ளைங்க ரெண்டு பேருமே போயிட்டாங்க.”

“ஆமாம் மேடம். பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசினேன். நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். உங்க பிள்ளையால இந்த ப்ரெஷரைத் தாங்க முடியலை, அவன் நிம்மதி முக்கியம், வேற இடம் பாருங்கன்னேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா, வெளிப்படையா சொன்னதுக்கு.”

“நான் போகச் சொல்லணும்னு சொல்லலையே சார். நாடா முறையை எடுத்துடலாம்னுதான் சொன்னேன்.”

“ஒரு பிள்ளைக்கு ஜலதோஷம்னா ஸ்கூலுக்கே ஃபேனை நிறுத்துவீங்களா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மிருதுவாகச் சொன்னார்: “நீங்க இல்லாட்டி அதுங்க பப்ளிக் எக்ஸாம்ல ஃபெயிலாகி என்ன பண்ணிக்கிட்டிருக்குமோ. நீங்க ரெண்டு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க மேடம். அதை நினைங்க.”

தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளையே அவர் திருப்பித் தந்தபோது, அவை அவளுடையவைதானா என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் பராசரனிடம் சொல்லிப் பார்த்தாள்.

“ஏன்னா, அந்தக் கொழந்தைகளை நான்தான் காட்டிக் கொடுத்துட்டேனோன்னு இருக்கு.”

“அவா ஸ்கூல், அவா பாத்துப்பா. நீ ஏன் போட்டுக் கொழப்பிக்கறே? இத்தனை நாள் கழிச்சு ஒரு வேலை கெடைச்சிருக்கு, சமத்தா பாத்துண்டு வா.”

அடுத்த சனிக்கிழமை முதல் ரங்கநாதனிடம் “எல்லாரும் நன்னா இருக்கா சார்” என்று மட்டும் சொல்வதென்று முடிவு பண்ணினாள். சொல்லவும் செய்தாள். யாழினி வருகிற வரைக்கும்.

யாழினி பச்சைமலைப் பெண். பத்தாம் வகுப்பு. மலையில் ஒரு சின்னப் பள்ளியில் எட்டாவது வரை படித்து, மாவட்ட அளவில் ஏதோ போட்டியில் ஜெயித்து, செய்தித்தாளில் படம் வந்திருந்தது. ரங்கநாதனே காரை எடுத்துக்கொண்டு மலை ஏறிப்போய், அவள் அப்பா தர்மராஜிடம் பேசி, படிப்பும் ஹாஸ்டலும் இலவசம் என்று சொல்லிக் கூட்டிவந்தார். பள்ளி வேன்களின் முதுகில் ஒட்டிய படத்தில் அவள் சிரித்துக்கொண்டு திருச்சி முழுக்கச் சுற்றினாள். வந்த வருஷம் அவள் கழுத்தில் பச்சை நாடா. பத்தாவதில் மஞ்சள். பிறகு சிவப்பு. இங்கிலீஷில் நடத்துகிற அறிவியல் அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்டால் வகுப்பு சிரித்தது. அதனால் கேட்பதை விட்டாள். சிவப்பு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போனும் போயிற்று. மலையில் அவள் அம்மா வேலம்மாள், சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு இறங்குவாள் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

அவள் கோதாவின் அறைக்கு வந்தபோது சோபாவில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

“மிஸ், நான் சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?”

“சொல்ல மாட்டேன்ம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பின்னலைத் தூக்கிக் காட்டினாள். பிடரியில், ரிப்பன் மறைக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. சிவந்த தோல், அங்கங்கே பொருக்கு. படிக்கும்போது கை தானாகப் போய் ஒவ்வொரு முடியாகப் பிடுங்குகிறது என்றாள். நிறுத்த முடியவில்லை என்றாள். பிடுங்கினால் கொஞ்ச நேரம் மண்டைக்குள் சத்தம் அடங்குகிறது, அப்புறம் மறுபடி வருகிறது, தூங்கிப் பல நாளாகிறது. இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். கடைசியில் ஒன்று கேட்டபோதுதான் குரல் கம்மிற்று.

“எனக்குப் பைத்தியமா மிஸ்?”

“இல்லடிம்மா. இது வைத்தியத்துல சரியாயிடும். நிறையப் பேருக்கு வரதுதான்.”

உண்மையைத்தான் சொன்னாள். இந்தக் குழந்தைக்கு டாக்டர் வேண்டும். ஹாஸ்டலிலிருந்து டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டுமானால் தாளாளர் அனுமதி வேண்டும், பெற்றோருக்குத் தெரிய வேண்டும். மறைத்து வைக்கிற விஷயம் இல்லை இது. அஜித்தும் ருக்ஸாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆனால் யாழினி அப்படியில்லை, இவளை அவர்தானே தேடிப்போய்க் கூட்டிவந்தார், வேன் முதுகில் இருக்கிற முகத்தை எப்படி விடுவார் என்று கோதா கணக்குப் போட்டாள். யாழினியிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பதும் அவள் படித்திருந்ததுதான். அன்றைக்கு யாழினிக்கு வகுப்புத் தேர்வு இருந்தது. கூப்பிட்டால் இன்னும் கலங்கிப்போவாள் என்று கோதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் போய்ச் சொன்ன எல்லாவற்றையும் ரங்கநாதன் கேட்டார். “உடனே பார்க்கணும் மேடம் இதை” என்றார். “நல்லவேளை சொன்னீங்க.”

இரண்டு நாள் கழித்து அவர் அறைக்கு வரச் சொன்னார்கள். டாக்டரிடம் போவது பற்றிப் பேசத்தான் என்று நினைத்துக்கொண்டு கோதா போனாள். உள்ளே தர்மராஜும் வேலம்மாளும் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரில் நாற்காலி இருந்தது, யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை, அவர்களும் உட்காரவில்லை. விடியற்காலை மலை இறங்கி வந்தவர்கள், காலில் செம்மண். ஓரமாக யாழினி. பக்கத்தில் ஹாஸ்டல் வார்டன் பானுமதி.

“உட்காருங்க மேடம்” என்றார் ரங்கநாதன். அந்த அறையில் அவருக்கு அடுத்தபடி உட்கார்ந்தவள் கோதா ஒருத்திதான்.

“இவங்கதான் எங்க சைக்காலஜி மேடம். உங்க பொண்ணுக்கு மனசு சரியில்லைன்னு கண்டுபிடிச்சது இவங்கதான். நாங்களா சொல்லலை. படிச்சவங்க சொல்றாங்க.”

யாழினி நிமிர்ந்து பார்த்தாள்.

தர்மராஜுக்குப் புரியவில்லை. “மனசு சரியில்லைன்னா என்னங்கய்யா? காய்ச்சலா?”

“காட்டுங்க பானுமதி” என்றார் ரங்கநாதன்.

பானுமதி யாழினியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ரிப்பனை உருவி, பின்னலைப் பிரித்து, முடியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்தாள், ஜன்னல் வெளிச்சம் நன்றாகப் படும்படி. யாழினி இரண்டு கையாலும் பிடரியை மறைக்கப் போனாள். “கையை எடு” என்றாள் பானுமதி. யாழினி எடுத்தாள். சொன்னதும் கேட்கிற பிள்ளை அது. வேலம்மாள் “ஐயோ” என்று ஒரு சத்தம் போட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“தானா பிடுங்கிக்கிறா” என்றார் ரங்கநாதன். “மத்த பிள்ளைங்க பயப்படுது. நாளைக்கு ஏதாவது பண்ணிக்கிட்டா பதில் யார் சொல்றது? நீங்களா, நானா? உங்களுக்காகத்தான் சொல்றேன். கூட்டிக்கிட்டுப் போய் நல்லா பாத்துக்குங்க.”

தர்மராஜ் மகளிடம் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னத்தில் அறைந்தார். அந்த அறையில் அவரால் அடிக்க முடிந்த ஆள் அவள் ஒருத்திதான். பிறகு ரங்கநாதனைப் பார்த்துக் கும்பிட்டு, “எங்க குலத்துலயே இப்படி யாரும் இல்லீங்கய்யா” என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

கோதா பேச வாயெடுத்தாள். இது பைத்தியமில்லை, டாக்டரிடம் போனால் சரியாகும், இந்தக் குழந்தையை இப்படி ஆக்கினது நாடாவும் கடைசி பெஞ்சும்தான். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. “ஒரு டாக்டர்கிட்ட...” என்று மட்டும் வெளியே விழுந்தது. ரங்கநாதன் தலையாட்டினார். “அதான் மேடமே சொல்றாங்களே, டாக்டர்கிட்ட காட்டணுமாம்.” அவள் சொன்ன அரைகுறை வாக்கியத்தையும் எடுத்து மேலே ஒரு ஆணி அடித்தார்.

போகும்போது யாழினி கோதாவின் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நின்றாள். அழவில்லை.

“சத்தியமான்னு கேட்டேன்ல மிஸ்” என்றாள். அவ்வளவுதான்.

அந்த மாசமே வேன்களின் முதுகில் புதுப் படம் ஒட்டினார்கள்.

கோதா வேலையை விடவில்லை. விட்டால் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். அது பாதி நிஜம். மீதி நிஜம், மறுபடி தளிகை உள்ளுக்குள் போக அவளால் முடியவில்லை. ஆனால் அறையில் ஒன்று மாறியது. அழுதுகொண்டு வருகிற பிள்ளையை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: “இங்க ஒண்ணும் சொல்லாதே. என்கிட்டயும் சொல்லாதே. யார் கேட்டாலும் நன்னா இருக்கேன்னு சொல்லு. சிரிச்ச முகமா இரு. வீட்டுக்குப் போனப்புறம் அம்மாகிட்ட மட்டும் சொல்லு.” முதலில் பிள்ளைகள் விழித்தார்கள். பிறகு புரிந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும். ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய், பள்ளி முழுக்கப் பரவிற்று. அறைக்கு யாரும் வருவதில்லை என்றாயிற்று. காரிடாரில் பார்த்தால் சிவப்பு நாடாக்காரர்கள்கூடப் பல் தெரியச் சிரித்தார்கள். ரங்கநாதன் மீட்டிங்கில் அவளைப் பேர் சொல்லிப் பாராட்டினார். பிள்ளைகள் முகமே மாறிவிட்டது என்றார்.

அந்தப் பாராட்டு அவளைத் தூங்கவிடவில்லை. கடைசியில், பராசரனிடம்கூடச் சொல்லாமல், மாவட்டத்தில் குழந்தைகள் நலத்தைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போனாள். இருதயமேரி என்கிற அதிகாரி. கோதா தன் பெயரைச் சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னாள், தான் செய்ததையும் விடாமல். இருதயமேரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

“உங்க பேர் வெளிய வராதுங்க. பிள்ளைங்க ரெண்டு பேர் சொன்னாக்கூடப் போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றார்.

அவர் சொன்ன மாதிரியே நடந்துகொண்டார். முன்னறிவிப்பில்லாமல் வந்தார். ஆசிரியர்களை வெளியே அனுப்பினார். வார்டனையும் அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். வகுப்பு வகுப்பாக, பிறகு தனித்தனியாகக் கேட்டார். சாப்பாடு எப்படி, தூக்கம் வருகிறதா, இந்த நாடா எதற்கு, யாராவது திட்டுகிறார்களா, மனசில் ஏதாவது இருக்கிறதா.

“நல்லா இருக்கோம் மேடம்.”

எல்லாப் பிள்ளையும் அதையே சொன்னது. எல்லாரும் சிரித்த முகம். வற்புறுத்திக் கேட்டபோது ஒரு சின்னப் பெண் மட்டும் கண் கலங்கிற்றாம். கலங்கிக்கொண்டே, “ஹேப்பியா இருக்கேன் மேடம்” என்றதாம்.

மறுநாள் இருதயமேரி போன் செய்தார். “எனக்குத் தெரியுதுங்க, அங்க ஏதோ இருக்கு. ஒரு பள்ளிக்கூடத்துல அத்தனை பிள்ளையும் ஒரே மாதிரி சிரிக்காது. யாரோ நல்லா சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆனா ஒரு வாய் திறக்கலைன்னா நான் என்னத்தங்க எழுதுவேன்?”

 யார் சொல்லிக் கொடுத்தது என்று கோதா அவரிடம் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை.

ரங்கநாதனுக்கு யார் புகார் கொடுத்தது என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளைக் கூப்பிட்டார். காபி வந்தது. கோபம் இல்லை, குரல் உயரவில்லை.

“பார்த்தீங்களா மேடம், ஆபீசரே வந்து பார்த்துட்டு ஒரு குறையும் இல்லைன்னு போயிட்டாங்க. எல்லாம் உங்க டிரெய்னிங்தான். பிரச்சனையே இல்லாத ஸ்கூலுக்குக் கவுன்சலர் எதுக்குன்னு யோசிக்கறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

முதல் நாள் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் வழியனுப்பு. ரங்கநாதன் அவளுக்குச் சால்வை போர்த்தினார். அவள் சேவையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கை தட்டத் தொடங்கினார். எல்லாரும் தட்டினார்கள். கோதா நின்றாள். முடிந்துவிடும் என்று பார்த்தாள், முடியவில்லை. “மேடம் சிரிக்கட்டும்” என்றார் அவர், சிநேகமாக. தட்டிக்கொண்டே இருந்தார்கள். பிசிக்ஸ் ஆசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினார். கோதா சிரித்தாள். அப்புறம்தான் நின்றது.

மிச்சம் ஒரு வழி இருந்தது. பள்ளியை விட்டுப்போன பிள்ளை ஒன்று பேசினாலும் போதும் என்று இருதயமேரி போனில் சொல்லியிருந்தார். அஜித் வீட்டில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். ருக்ஸாரின் அம்மா போனை எடுக்கவில்லை. கோதா துறையூர் போய், அங்கிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸுக்காக நெடுநேரம் காத்திருந்து, பச்சைமலை ஏறினாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டவுனுக்குப் படிக்கப் போய் மண்டை குழம்பி வந்த பெண் வீடு என்று கேட்காமலே காட்டினார்கள். யாழினி வெளியே உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தலையில் முடியே இல்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை அடித்திருக்கிறார்கள். காற்று சேஷ்டை என்று பூசாரி சொன்னாராம். கை நிறையக் கயிறு. முழங்கைக்கு மேல் பூசாரி வேப்பங்குழையால் அடித்த காயங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

கோதாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். “வாங்க மிஸ்” என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எப்படிம்மா இருக்கே?”

“நல்லா இருக்கேன் மிஸ்.”

“தூக்கம் வருதா?”

“வருது மிஸ்.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ். நல்லா இருக்கேன்.”

கோதா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “யாழினி, நான் உனக்குப் பண்ணினது தப்பு. மன்னிச்சுக்கோன்னு கேக்கக்கூட எனக்கு மூஞ்சி இல்லை. ஆனா அங்க இன்னும் பிள்ளைங்க இருக்காம்மா. ஒரு மேடம் இருக்காங்க, ரொம்ப நல்லவங்க. அவங்ககிட்ட நடந்ததை நீ சொன்னா...”

யாழினி கத்தியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள்.

“எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல மிஸ்.”

“பயப்படாதே. உன் பேர் வெளியில வராது.”

அதைக் கேட்டதும் யாழினி அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கோதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள். கோதா அங்கே இருந்தவரைக்கும் அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

பஸ் வருகிற இடம்வரை வேலம்மாள் கூட வந்தாள்.  பஸ்ஸின் சத்தம் வளைவில் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

“உங்களுக்கு நல்ல மனசுங்கம்மா, தெரியுது. ஆனா நீங்க வந்துட்டுப் போனா ஊரு மறுபடியும் பேசும். இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு. அவங்க அப்பா சந்தைக்குப் போயிருக்காரு, வந்து கேள்விப்பட்டா புள்ளயத்தான் அடிப்பாரு. இனிமே வராதீங்க.”

கோதா சரி என்றாள்.

அந்த வருஷம் பள்ளியில் பத்தாம் வகுப்பு நூற்றுக்கு நூறு தேர்ச்சி. மன்னார்புரம் ரவுண்டானாவில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவள் இருந்த அறையின் கதவில் வேறு பெயர் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஜாஸ்லின் என்று ஒரு சின்னப் பெண்ணாம், ரொம்ப உற்சாகமாம். அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கோதா பலமுறை நினைத்தாள். என்ன சொல்வது என்று தெரியாததால் போகவில்லை.

இப்போது அவள் ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்கள் ஃபிரேம் மாட்டிப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கிற வேலை. கடைக்கு மேலே மாடியில் வேதவதி என்று ஒருத்தி குடியிருக்கிறாள். போன மாசம் அவள் கீழே இறங்கி வந்தாள். மகள் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அறைக்குள்ளேயே கிடக்கிறாளாம், யாரிடமும் பேசுவதில்லையாம்.

“நீங்க அதுக்குன்னே படிச்சிருக்கேளாமே மாமி. ஒரு வார்த்தை வந்து பேசிப் பாருங்கோளேன். உங்களண்ட சொல்லுவோ என்னமோ.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா” என்றாள் கோதா. “நல்ல டாக்டரா பாத்து அழைச்சிண்டு போ.”

தனக்குத் தெரிந்த டாக்டரின் பெயரையும் இடத்தையும் சொன்னாள். வேதவதி நின்று பார்த்துவிட்டு மேலே போனாள். டாக்டரிடம் அழைத்துப்போனாளா என்று கோதா கேட்கவில்லை. கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளைகளில் மேலே அந்தக் குழந்தை நடக்கிற சத்தம் கேட்கும். சுவரிலிருந்து சுவர்வரை போகும், திரும்பும், மறுபடி போகும். கோதா கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மாடிப்படி கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறிப் போக அவளுக்குக் கால் வரவில்லை.